நான்கு பர்னர், இரண்டு பாத்திரம்

எங்கள் வீட்டில் அடுப்பு வாங்கும் பொறுப்பை நான் ஏற்றதற்கு ஒரே ஒரு தகுதிதான் காரணம்: எனக்குச் சமைக்கத் தெரியாது. சமைக்கத் தெரிந்தவர்கள் பழக்கத்துக்கு அடிமைப்பட்டு முடிவெடுப்பார்கள். நானோ விலை, வாட், வாரண்டி மூன்றையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதி, விருப்பு வெறுப்பில்லாமல் முடிவெடுப்பேன் என்று மனதார நம்பினேன். இதை மனைவியிடமும் சொன்னேன். அவள் பதில் பேசாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மௌனத்துக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திருச்சியில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரம் அது. பழைய மேடையை இடித்துக் கறுப்புக் கிரானைட் போட ஏற்பாடாகியிருந்தது. மாடுலர் கிச்சன் செய்பவர் ஒரு புத்தகத்தை விரித்துப் படம் காட்டினார். மேடையோடு மேடையாகப் பதிந்த கறுப்புக் கண்ணாடி, அதில் நான்கு பர்னர், மேலே பளபளக்கும் சிம்னி, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மூன்று எலுமிச்சம்பழம். மயங்கிவிட்டேன். அந்தப் படத்தில் எலுமிச்சை இருந்ததே தவிர எண்ணெய்த் தூக்கு இல்லை, அஞ்சறைப் பெட்டி இல்லை, கைப்பிடித் துணி இல்லை. அங்கே யாரும் எதையும் சமைத்ததற்கான தடயமே இல்லை. அதையெல்லாம் கவனிக்கும் வயதில்தான் இருந்தேன். ஆனாலும் கவனிக்கவில்லை.

கேஸ் அடுப்பு மூன்று ஜாதி என்று அவரே விளக்கினார். மேடைமேல் கால் ஊன்றி நிற்பது சாதா ஸ்டவ். கிரானைட்டை வெட்டி உள்ளே இறக்குவது ஹாப். இரண்டுக்கும் நடுவில், காலோடும் வைக்கலாம், வெட்டியும் பதிக்கலாம் என்று ஹாப்-டாப் ஒன்று உண்டு. மூன்றாவதைக் கேட்டதும் எனக்கு இளக்காரமாக இருந்தது. முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்தது என்று தோன்றியது. எனக்குத்தான் தெரியுமே! ஹாப் என்றேன்.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருந்தேன். பித்தளை பர்னர்தான் நீடித்து உழைக்கும், அலுமினியக் கலப்பில் செய்தது சூட்டில் அரித்துப்போகும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். விற்பனைப் பையன் "ஃபுல் பிராஸ் சார்" என்றான். நான் மெல்லச் சிரித்து, காந்தத்தை எடுத்துப் பர்னர்மேல் வைத்தேன். ஒட்டவில்லை. "ம், பித்தளைதான்" என்று தலையாட்டினேன். அவனும் பணிவாகத் தலையாட்டினான். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். வீட்டுக்கு வந்து, கழுவுவதற்காக பர்னர் மூடியைக் கையில் எடுத்த மனைவி, "என்னங்க இது, காத்தா இருக்கு?" என்று கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. பித்தளையை அறியக் காந்தம் வேண்டாம், உள்ளங்கை போதும். கனக்க வேண்டும். அவ்வளவுதான்.

கிரானைட்டை வெட்டும் நாளில் வீடு முழுக்கப் புழுதி. கடப்பைக் கல், கிரானைட் வேலைகளில் கைதேர்ந்த ஒருவர் ஹாப்போடு வந்த அட்டையை விரித்து, அளவு குறித்து, வெட்டப் போகும் முன் என்னைக் கூப்பிட்டார். "சார், நல்லா பாத்துக்குங்க. வெட்டினா வெட்டினதுதான்." நான் டேப்பால் மறுபடி அளந்து, மில்லிமீட்டர் சுத்தமாகச் சரியென்று சொன்னேன். அளவு சரிதான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஹாப்புக்குத் தானே ஒரு குழி அளவு வைத்திருக்கிறது. நாளைக்கு இந்த ஹாப் கெட்டுப்போனால் இந்தக் குழிக்குப் பொருந்துகிற இன்னொன்றைத் தேடி அலைய வேண்டும். குழி சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம், பெரிதாக இருந்தால் ஒட்ட வழியில்லை. அந்தக் கல் தொழிலாளி சொன்னதில் இவ்வளவும் அடங்கியிருந்தது. நான் அதை வேலைக்காரர் ஜாக்கிரதை என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

அளந்தவற்றின் பட்டியல் என் நோட்டில் இன்னும் இருக்கிறது. மேடையின் நீளம், அகலம், கல்லின் கனம், சிம்னிக்கும் ஹாப்புக்கும் உள்ள உயரம், சிலிண்டரிலிருந்து டியூப் வரும் தூரம். மனைவியின் முழங்கை உயரம் அதில் இல்லை. சாதா ஸ்டவ்வுக்கு காலும் உடம்புமாக நான்கு அங்குலத்துக்கு மேல் உயரம் உண்டு. அதை எடுத்துவிட்டு ஹாப்பை மேடைக்குள் இறக்கினால் பாத்திரமும் அதே அளவு கீழே இறங்கும். குள்ளமானவர்களுக்கு அது வரம். என் மனைவி என்னைவிட உயரம். முதல் வாரம் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் கிளறிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மேடையை உயர்த்திக் கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். கட்டும்போது யாராவது அவளை அங்கே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். அந்த யாராவது கடையில் காந்தம் வைத்துக்கொண்டிருந்தார்.

புது அடுப்பில் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்று அம்மா நல்ல நேரம் பார்த்திருந்தாள். கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று. ஹாப்பில் எஃப்.எஃப்.டி. என்ற பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. கூடுதல் விலை கொடுத்து நான் தேர்ந்தெடுத்தது. பர்னர் ஓரத்தில் ஒரு சின்னக் குச்சி நிற்கும். தீயின் சூடு பட்டால் அதற்குள் இருக்கும் இருவேறு உலோகங்களின் சந்திப்பில் கடுகளவு மின்சாரம் பிறக்கும்; அந்த மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்தபடி பிடித்துவைத்திருக்கும். தீ அணைந்தால் குச்சி ஆறும், மின்சாரம் நிற்கும், வால்வு தானே மூடிக்கொள்ளும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால் வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். குச்சி சூடேறும் வரை குமிழை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் விளக்க மறந்துவிட்டேன்.

அம்மா திருகினாள், பற்றியது, கையை எடுத்தாள், அணைந்தது. மறுபடி திருகினாள், பற்றியது, அணைந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "அழுத்திப் பிடிங்கம்மா, மனசுக்குள்ள கொஞ்சம் எண்ணுங்க" என்றேன். ஒருவழியாகப் பற்றவைத்து, பால் பொங்கி வழியும் நேரம் எல்லாரும் கையெடுத்தோம். வழிந்த பால் தீயை அணைத்தது. குச்சி ஆறியது. 'டக்' என்று வால்வு மூடிக்கொண்டது. பொங்கிய பால் அப்படியே அமுங்கியது.

"ஏன்டா, பொங்குற நேரம் பாத்து அணைச்சுட்டியே?"

"நான் அணைக்கலம்மா. அதுவா அணைஞ்சுக்கும். அதுக்குத்தான் காசு குடுத்தது."

"பால் பொங்குனா அணைஞ்சுக்கறதுக்கா காசு குடுத்தே?"

பதில் சொல்வதற்குள் பால் கண்ணாடியில் பரவிக் குமிழுக்கு அடியில் இறங்கிவிட்டது. உள்ளே சுவிட்ச் நனைந்ததும் நான்கு பர்னரிலும் ஒரே சமயத்தில் பொறி தட்ட ஆரம்பித்தது. டிக் டிக் டிக் டிக். யாரும் எதையும் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கும் வரை அது நிற்கவில்லை. அடுப்பு ஆசீர்வதிக்கிறது என்று வந்திருந்த ஒரு சித்தி சொன்னார். அவர் கிண்டல் செய்தாரா, உண்மையாகவே சொன்னாரா என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்தது பர்னர் எண்ணிக்கை. இரண்டு பர்னரில் ஒரு மணி நேரம் ஆகிற சமையல் நான்கு பர்னரில் அரை மணியில் முடியும் என்பது என் நோட்டில் இருந்த கணக்கு. என் ஹாப்பின் அகலம் 60 சென்டிமீட்டர். அதில் முன்வரிசையில் இரண்டு பர்னரின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 26 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுத் தோசைக்கல்லின் குறுக்களவு 30. இட்லி குண்டான் 28. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் பாதி பாதி கூட்டினால் 29 வேண்டும். ஆக, தோசைக்கல்லை முன்னால் இடது பக்கம் வைத்தால் குண்டானைப் பின்னால் வலது மூலையில்தான் வைக்க முடியும். மற்ற இரண்டு பர்னரும் இவற்றின் விளிம்புக்கு அடியில் மறைந்துபோகும். நான்கு பர்னர் வாங்கியும் மறுபடி இரண்டு பாத்திரம்தான். அதிலும் ஒன்று எட்டாத தூரத்தில். பின்னால் கொதிக்கும் குழம்பை எட்டிக் கிளற முன்னால் எரியும் தீயைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். மனைவியின் நைலக்ஸ் சேலைகள் எல்லாம் சமையலறைத் தடை உத்தரவு பெற்றன.

இந்த ஹாப்பில் ஒரே ஒரு பர்னரைத்தான் வாங்கிய நாளிலிருந்து யாரும் குறை சொன்னதில்லை. பின்வரிசையில் ஒரு மூலையில் இருக்கும் மிகச் சின்ன பர்னர். பெரியது சுமார் 3 கிலோவாட் வெப்பம் கொடுக்குமென்றால் இது 1 கிலோவாட் கொடுத்தால் அதிகம். "இது எதுக்குடா, பொம்மை அடுப்பா?" என்று முதலில் கேட்ட அம்மா, ரெண்டு நாளில் அதைக் கைப்பற்றிவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் கொடியடுப்பு இருந்தது. விறகு எரிவது ஒரு வாய்க்கு; அதன் மிச்சச் சூடு பக்கத்து வாய்க்குப் போகும். அந்தக் கொடியில் பால் ஏடு கட்டும், ரசம் நுரை கூடும், பருப்பு அடிப்பிடிக்காமல் மசியும். விறகடுப்புக்குப் பின் அவள் கரியைக் குமுட்டியில் போட்டு விசிறியிருக்கிறாள், மரத்தூள் அடுப்பில் தூளை நடுவில் குழவி வைத்து இடித்து அடைத்திருக்கிறாள், பம்ப் ஸ்டவ்வுக்குப் பின் குத்தியிருக்கிறாள், திரி ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாடையோடு காபி கொடுத்திருக்கிறாள். எதையும் அவள் தேர்ந்தெடுக்கவில்லை. எது வந்ததோ அதில் என்ன முடியும் என்று பார்த்துச் சமைத்தாள். என் நான்கு பர்னரிலும் அவள் அதைத்தான் செய்தாள். சின்னதைக் கொடியடுப்பாக்கிக்கொண்டாள்.

அதில் ஈயச்சொம்பு வைத்து அவள் செய்யும் ரசத்துக்கு நான் அடிமை. ஒருநாள் அவள் ஊரில் இல்லாதபோது நானே ரசம் வைக்கப் புறப்பட்டேன். சின்ன பர்னரில் நேரமாகுமே என்று பெரிய பர்னரில் சொம்பை வைத்து, சூடாகட்டும் என்று விட்டுவிட்டுப் புளி கரைக்கப் போனேன். ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே தண்ணீரோ ரசமோ இருக்கும் வரை அந்தச் சூட்டை அது எட்டாது. வெறுஞ்சொம்பு நிமிஷத்தில் எட்டிவிடும். புளித்தண்ணீரோடு திரும்பியபோது சொம்பு இருந்த இடத்தில் பர்னர்மேல் வெள்ளியாக ஒரு குட்டை. கும்பகோணத்திலிருந்து புதுச் சொம்பு வாங்கி வைத்தேன். அம்மா வந்ததும் கையில் எடுத்துப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள்.

நாளாக ஆகப் பொறி தட்டுவது நின்றது. லைட்டர் வைத்துக் கொளுத்தினோம். அப்புறம் ஒரு பர்னரில் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தது. காற்று சரியாகக் கலக்கவில்லை, துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ஸ்டவ் என்றால் தெருவில் சைக்கிளில் குரல் கொடுத்துப் போகும் ரிப்பேர்காரரை அழைத்தால், கவிழ்த்துப் போட்டு, குத்தி, ஊதி, அரை மணியில் கொடுத்துவிடுவார். அவரை அழைத்தேன். வந்து பார்த்தார். ஓரம் முழுக்க சிலிக்கான் போட்டுக் கல்லோடு ஒட்டியிருந்தது. நீர் இறங்கக் கூடாதென்று நான்தான் தாராளமாகப் போடச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "சார், இதை நெம்புனா கண்ணாடி வருமா, கல்லு வருமான்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசினால், எண் ஒன்றை அழுத்து, எண் இரண்டை அழுத்து என்று சொன்னார்கள். அழுத்தினேன்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மனைவியிடம் பொறுப்பை ஒப்படைத்திருப்பான். எனக்கு இண்டக்ஷன் அடுப்பு நினைவுக்கு வந்தது.

இம்முறை கணக்கில் கொஞ்சமும் பிசகில்லை. சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதன் மொத்த வெப்பத்தை மின்சார அளவில் சொன்னால் சுமார் 180 யூனிட். கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. தரம் கேட்கும் வெப்பத்திறன் 68 சதவீதம். அதாவது பாத்திரத்துக்குள் போவது ஏறத்தாழ 122 யூனிட், மிச்சம் சமையலறையையும் சமைப்பவரையும் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும் என்று வைத்தால், ஒரு சிலிண்டர் வேலையை 144 யூனிட்டில் முடித்துவிடலாம். சிலிண்டர் விலையை 144-ஆல் வகுத்தேன். கரண்ட் விலையைவிட வகுத்து வந்த தொகை பெரிதாக இருந்தது. நோட்டை மனைவியிடம் நீட்டினேன். "நம்ம பாத்திரம் அதுல வேலை செய்யுமா?" என்று மட்டும் கேட்டாள். "காந்தம் ஒட்டுறதெல்லாம் வேலை செய்யும்" என்றேன் பெருமையாக. எனக்கு மறுபடி காந்தத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

இண்டக்ஷன் அடுப்பில் தீயும் இல்லை, பழுக்கும் கம்பியும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் செம்புச் சுருள் ஒன்று படுவேகமாகத் திசை மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மேலே இரும்புத் தன்மையுள்ள பாத்திரம் இருந்தால் அதன் அடிப்பாகத்திலேயே மின்சாரம் சுழன்று, பாத்திரம் தானே சூடாகிறது. அலுமினியம், பித்தளை, வெண்கலம், மண்சட்டி எதையும் அது சீந்தாது. இட்லி குண்டான் அலுமினியம், தேறவில்லை. உருளி வெண்கலம், தேறவில்லை. மீன் குழம்புச் சட்டி மண், பேச்சுக்கே இடமில்லை. சரி, எவர்சில்வர் இருக்கிறதே என்று மனைவியின் சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காந்தத்தை வைத்தேன். ஒன்றிலும் ஒட்டவில்லை.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "எப்படி ஒட்டும்? எங்கம்மா கடையில ஒவ்வொண்ணுலயும் காந்தம் வச்சுப் பாத்து, ஒட்டாததாப் பொறுக்கி வாங்கினாங்க. ஒட்டினா மட்டம்னு சொல்லுவாங்க."

நிக்கல் கலந்த நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத வகையில் ஒட்டும். இதை நம் ஊர்ப் பெண்கள் பாத்திரக் கடையிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு தலைமுறையே பொறுக்கிச் சேர்த்த பாத்திரங்களை என் அடுப்பு ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்துவிட்டது. மாமியார் கையில் இருந்த காந்தமும் என் கையில் இருந்ததும் ஒன்றுதான். அவர் கையில் அது வேலை செய்தது.

தேறியது தோசைக்கல். வார்ப்பிரும்பு, காந்தம் 'டப்' என்று ஒட்டியது. அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரிய பிளக், அதாவது ஃபிஃப்டீன் ஆம்ப்ஸ் வேண்டும். அந்தப் பிளக் ஃபிரிட்ஜ் வைத்திருந்த மூலையில் இருந்தது. மிக்ஸிக்கு இருந்த சின்னப் பிளக்கில் மாற்றி ஒன்றைச் செருகி ஓட்டினேன். முதல் தோசை நடுவில் முறுகி, ஓரத்தில் மாவாகவே இருந்தது. உள்ளே இருக்கும் சுருள் கல்லின் நடுப்பகுதிக்குத்தான் எட்டும். இரண்டாவது தோசை ஊற்றும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மாற்றி பழுப்பாகி, சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எலக்ட்ரீஷியன் வந்து தனி ஒயர் இழுத்துப் பெரிய பிளக் வைத்துவிட்டுப் போனார். அந்தச் செலவை நோட்டில் எழுதவில்லை. கணக்கு கெட்டுவிடும்.

புதுப் பாத்திரங்கள் இரண்டு வாங்கிய பிறகு இண்டக்ஷனின் நல்ல குணங்கள் தெரிந்தன. வெந்நீருக்கு அதை அடிக்க ஆளில்லை. வெயில் காலத்தில் அதன் பக்கத்தில் நிற்கலாம். ஃபேன் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பாயசம் வைத்தால் குறும்பு. கேஸில் சிம் என்றால் தீ தொடர்ந்து சின்னதாக எரியும். எங்கள் விலையில் வாங்கிய இண்டக்ஷனில் சிம் என்றால், முழு வேகத்தில் கொஞ்ச நேரம் எரிந்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபடி முழு வேகம். பால் குபுகுபுவென்று எழும், சட்டென்று படுக்கும், மறுபடி எழும். வற்றக் குழம்பு சுண்டவே மாட்டேனென்றது, அல்லது அடிப்பிடித்தது. கத்திரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்கவும், அப்பளம் சுடவும் தீ வேண்டும். அது இல்லாத அடுப்பில் அம்மாவுக்கு வேலையே இல்லை.

வந்தவர்களுக்கு வித்தை காட்ட மட்டும் அது உதவியது. 1950-களில் அமெரிக்காவில் ஃப்ரிஜிடேர் நிறுவனம் இந்த அடுப்பைக் காட்சிக்கு வைத்தபோது, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை வைத்துத் தண்ணீரைச் சூடாக்கிக் காட்டினார்களாம். காகிதம் எரியாது, தண்ணீர் சூடாகும். மைத்துனர் குடும்பம் வந்திருந்தபோது நானும் அன்றைய பேப்பரை விரித்து, மேலே தோசைக்கல்லை வைத்து, விளக்கவுரை ஆற்றினேன். அமெரிக்கர்கள் வைத்தது தண்ணீர். அது 100 டிகிரிக்கு மேல் ஏறாது. காய்ந்த தோசைக்கல்லுக்கு அந்த வரம்பு கிடையாது. தலையங்கம் பழுத்து, புகைந்து, கண்ணாடியில் கறையாக ஒட்டிக்கொண்டது. மைத்துனர் நல்ல மனிதர். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கடைசியில் கரண்ட் பில் வந்தது. தமிழ்நாட்டில் அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். 500-ஐத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலைப்பட்டியல் மாறும் என்பது அவ்வளவாக மனதில் நின்றதில்லை. அது கோடைகாலம், ஏ.சி. ஓடிய வீடு, அதன் தலையில் என் இண்டக்ஷன். 500-ஐக் கடந்தோம். 144-ஆல் வகுத்த என் கணக்கு இன்றும் சரிதான். தனி வீட்டில், ஏ.சி. இல்லாமல், ஃபிரிட்ஜ் இல்லாமல் அந்த அடுப்பு மட்டும் வசித்தால் பலன் நிச்சயம்.

எந்தப் பாத்திரமும் வைக்கலாம் என்று இன்ஃப்ரா ரெட் அடுப்பு ஒன்று இருப்பதாக நான் வாயெடுத்தபோது, மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நான் கடைக்குப் போறேன். நீங்க வேணா வாங்க. பேச வேண்டாம்" என்றாள்.

மறுநாள் அவள் ஆட்டோவில் ஏற்றியவை: தோசைக்கல், இட்லி குண்டான், ஐந்து லிட்டர் குக்கர், தாளிக்கிற கரண்டி. கடையில் அந்த விற்பனைப் பையனே இருந்தான். என்னைப் பார்த்ததும் "ஃபுல் பிராஸ்" என்று ஆரம்பித்தவன், தோசைக்கல்லைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் ஒரு மூன்று பர்னர் ஸ்டவ்வின்மேல் கல்லையும் குண்டானையும் குக்கரையும் ஏற்றினாள். குக்கர் கைப்பிடி கல்லில் இடிக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். தாளிக்கிற கரண்டி கம்பிகளுக்கு நடுவே சாயாமல் நிற்கிறதா என்று வைத்துப் பார்த்தாள். பர்னர் மூடியைக் கழற்றி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள். முன்னால் நின்று காற்றில் கிளறிப் பார்த்தாள். இன்னொரு ஸ்டவ்வுக்கு மாறி மறுபடி எல்லாம். கடையில் கூட்டம் சேர்ந்தது. இன்னொரு அம்மா, "கொஞ்சம் அந்தக் கல்லைக் குடுங்க, நாங்களும் வச்சுப் பாத்துக்கறோம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவள் எடுத்தது காலோடு நிற்கும், அகலமான மூன்று பர்னர். எஃப்.எஃப்.டி. வேண்டும் என்பதில் மட்டும் என் பக்கம் நின்றாள்; பால் பொங்கி அணைந்த அன்றைக்கே அதன் அருமை அவளுக்குப் புரிந்திருந்தது. ஹாப்பை நெம்பியபோது கண்ணாடிதான் வந்தது. குழியில் கல் துண்டைப் பொருத்தி, இணைப்பைப் பசையால் அடைத்தோம். கோடு தெரியும். ஸ்டவ் அதன்மேல் நிற்பதால் விருந்தாளிகளுக்குத் தெரியாது. இண்டக்ஷன் அலமாரியில் இல்லை, பெரிய பிளக் பக்கத்தில் வெந்நீருக்கு நிற்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஹாப் கூடாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மேடை அகலமாக, உயரம் கணக்குப் பார்த்துக் கட்டியதாக, ஹாப் 75 அல்லது 90 சென்டிமீட்டராக, கழற்றி மாட்டும்படி பதித்ததாக இருந்தால் அதில் சொகுசாகச் சமைக்கலாம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்தது சமைப்பவர்.

போன மாதம் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. வாடகை வீடு, இரண்டு பேர், சிலிண்டர் இணைப்பு கிடையாது, காலையில் ஆம்லெட், ராத்திரி நூடுல்ஸ், வாரக் கடைசியில் சாம்பார். இண்டக்ஷன்தான் அவளுக்குப் பொருத்தம். இதை நான் சொல்லவில்லை, அவளே தீர்மானித்துவிட்டுத் தொலைபேசினாள். "அப்பா, வரும்போது உங்க காந்தத்தை மறக்காம எடுத்துட்டு வாங்க. இங்க வீட்டுக்காரம்மா ஒரு மூட்டைப் பாத்திரம் குடுத்திருக்காங்க, எது ஆகும்னு பிரிக்கணும்."

போனேன். பிரித்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சரியாகவே பிரித்தேன் என்று இங்கே பதிவு செய்கிறேன். "அப்படியே அடுப்புக் கடைக்கும் வரட்டுமா?" என்று கேட்டேன். நேற்றே வாங்கியாயிற்று என்றாள்.